பழைய டிராக்டர் புல்வெட்டியில் தேய்ந்த பேரிங் மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

சேலத்தைச் சுற்றி மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வைத்திருப்பவர்களிடம் டிராக்டருக்குப் பின்னால் மாட்டி ஓட்டும் பழைய புல்வெட்டிகள் நிறைய இருக்கின்றன. நடுவில் கியர் பாக்ஸ், அதிலிருந்து வி-பெல்ட், பெல்ட்டின் முனையில் நிமிர்ந்து நிற்கும் ஒரு ஷாஃப்ட், அதன் அடியில் பிளேடு. அந்த ஷாஃப்டை ஒரு வார்ப்பிரும்பு ஹவுசிங்குக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பேரிங் தாங்கும். இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் பற்றியது.

என் கொட்டகைக்கு வரும் மெஷின்களில் பெரும்பாலானவை, ஏற்கெனவே ஒரு தடவை பேரிங் மாற்றி, ஒரு சீசன்கூடத் தாங்காமல் திரும்பியவை. மாற்றியவர்களுக்குக் கை வேலை தெரியாமல் இல்லை. எதற்குப் பிறகு எது என்பதில்தான் தவறியிருப்பார்கள். அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. சத்தம் பேரிங்கிலிருந்துதான் வருகிறதா?

டிராக்டரை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டிராக்டரின் சுழற்சியை மெஷினுக்குக் கொண்டுவரும் பிடிஓ ஷாஃப்டைக் கழற்றிவிடுங்கள். மெஷினைத் தூக்கி, அடியில் கனமான மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து அதன் மேல் இறக்குங்கள். ஹைட்ராலிக் லிஃப்டை மட்டும் நம்பி அடியில் கை விடக் கூடாது. பழைய டிராக்டர்களில் லிஃப்ட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியாது.

அடுத்து பெல்ட்டைக் கழற்றுங்கள். பெல்ட் இழுத்துப் பிடித்திருக்கும்போது ஆட்டம் மறைந்துவிடும்.

இப்போது பிளேடைத் தாங்கும் தட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் பிளேடு நுனியைப் பிடித்து ஆட்டுகிறார்கள். கீலில் தொங்கும் பிளேடு ஆடத்தான் செய்யும், அது ஆடுவதற்கென்றே வைத்தது. அதைப் பேரிங் ஆட்டம் என்று நினைத்து நல்ல பேரிங்கைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். தட்டின் விளிம்பைப் பிடியுங்கள். நல்ல பேரிங் என்றால் அந்த விளிம்பில் கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருக்காது. இரண்டு மூன்று மி.மீ. ஆடினால் பேரிங் போய்விட்டது, அல்லது பேரிங் உட்காரும் இடம் போய்விட்டது. எது என்பது 5-ஆம் படியில் தெரியும்.

தட்டை மெதுவாகச் சுற்றி, இன்னொரு கையை ஹவுசிங் மேல் வையுங்கள். மணல் அரைபடுவது போல உணர்ந்தால் பேரிங். சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் இடறினால் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம். இரண்டுமே இல்லாமல் ஓடும்போது மட்டும் தடதடவென்றால், முதலில் பிடிஓ ஷாஃப்டின் கிராஸையும் (வளைந்து திரும்பும் மூட்டு) புல்லிச் சாவியையும் (பெல்ட் ஓடும் சக்கரத்தை ஷாஃப்டோடு பூட்டும் சிறு கட்டை) பிளேடு போல்ட்டையும் பாருங்கள். பாதி நேரம் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

2. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இழுத்துக் கழற்றும் மூன்று கால் புல்லர், பேரிங் நகராமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையங்களில் உள் சர்க்ளிப்புக்கும் வெளி சர்க்ளிப்புக்கும் தனித்தனி பிளையர், வெர்னியர், பித்தளைக் கம்பி ஒன்று, டீசல், பனியன் வேஸ்ட், கிரீஸ் கன்.

இவற்றோடு இரண்டு குழாய்த் துண்டுகள். இவை இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். ஒன்று பேரிங்கின் இன்னரில், அதாவது உள் வளையத்தில் மட்டும் படிய வேண்டும், மற்றது அவுட்டரில், அதாவது வெளி வளையத்தில் மட்டும். பழைய இரும்புக் கடையில் வெர்னியரோடு போய் நின்றால் கிடைத்துவிடும். முனையை லேத்தில் ஒரு தடவை சமமாக எடுத்துக்கொள்ளுங்கள். கோணலாக அறுத்த குழாய் பேரிங்கையும் கோணலாகத்தான் தள்ளும்.

புதுப் பேரிங்கை முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். மெஷினோடு வந்த சீட்டில் ஒரு நம்பர் இருக்கும், உள்ளே இன்னொரு நம்பர் இருக்கும். முன்பு ரிப்பேர் பார்த்தவர் அன்றைக்குக் கிடைத்ததைப் போட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதும் நல்லது. பாதியில் லேத் தேவைப்படும், பட்டறை பூட்டியிருக்கும். பிரித்துப் போட்ட சாமான்களில் தூசி ஏறிக்கொண்டிருக்கும்.

3. கழற்றும் வரிசை

போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். பிறகு ஹவுசிங்குக்கும் மெஷின் தட்டுக்கும் நடுவில் ஒரு உளிக் கோடு போடுங்கள். கிரீஸ் நிப்பிள் எந்தப் பக்கம் இருந்தது என்று சாயங்காலம் யாருக்கும் நினைவிருக்காது.

முதலில் பிளேடு, அடுத்து பிளேடுத் தட்டு, மேலே புல்லி, கடைசியில் ஹவுசிங் போல்ட்டுகள். தட்டு நட்டைத் திருப்பும் முன் ஷாஃப்ட் எந்தப் பக்கம் சுற்றும் என்று பாருங்கள். சில மெஷின்களில் அது இடது மரை. வழக்கமான பக்கமே திருப்பி, வரவில்லை என்று இரண்டடிக் குழாய் போட்டு அழுத்தி மரையை உரித்தவர்கள் உண்டு. ஷாஃப்ட் சுற்றாமல் இருக்கத் தட்டுக்கு மரக்கட்டை அண்டை கொடுங்கள். இரும்புக் கம்பி கொடுத்தால் தட்டு வளையும்.

ஹவுசிங்கை முழுதாக வெளியே எடுத்து மேசைக்குக் கொண்டுவாருங்கள். மெஷின் அடியில் படுத்துக்கொண்டே பேரிங் மாற்ற முடியும்தான். ஆனால் மேலிருந்து கொட்டும் புல் குப்பையும் செம்மண்ணும் புதுப் பேரிங்கில் விழுவதை யாராலும் தடுக்க முடியாது.

புல்லியைப் புல்லர் போட்டு எடுங்கள். சுத்தியால் விளிம்பில் தட்டினால் வார்ப்பு உடையும். அப்புறம் பெல்ட்டும் நேராக ஓடாது.

ஷாஃப்டை வெளியே எடுக்கும்போது, இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய் வரும். ஸ்பேசர் என்போம். அதைத் துடைத்து, ஒரு துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். இந்தக் குழாயை "சும்மா இடம் அடைக்கிற பைப்" என்று குப்பையில் போட்ட ஒரு தம்பி, புதுப் பேரிங்கை ஒரே வாரத்தில் கருக்கிக்கொண்டு வந்தான். அது என்ன வேலை செய்கிறது என்பதை 7-ஆம் படியில் சொல்கிறேன்.

வெளி வளையம் மட்டும் ஹவுசிங்குக்குள் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் உளி போட்டு வெட்ட வேண்டாம், ஹவுசிங்கில் பள்ளம் விழும். ஆர்க் வெல்டிங்கில், குண்டு ஓடும் பாதை மேல் உள்சுற்றாக ஒரு கோடு இழுங்கள். ஆறும்போது வளையம் சுருங்கி, கவிழ்த்தால் தானாக விழும்.

4. பழைய பேரிங்கைத் தூக்கி எறியாமல் படியுங்கள்

மொத்த வேலையில் நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். பேரிங் ஏன் செத்தது என்று தெரியாமல் புதியதைப் போட்டால், அதுவும் அதே காரணத்தால்தான் சாகும்.

டீசலில் கழுவி, ரப்பர் மூடியைக் குண்டூசியால் நெம்பி எடுத்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். முடிந்தால் இன்னரைக் கிரைண்டரில் வெட்டித் திறந்துவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பேரிங் எஃகு தெறிக்கும்.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தோப்பு மெஷின் வந்தது. கீழ்ப் பேரிங்கை வெட்டித் திறந்ததும், கூட வேலை செய்த ஐடிஐ பையன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணா, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி இருக்குதுங்க" என்றான். பளபளப்பு இல்லாமல் பாதை முழுக்க மங்கிக் கிடந்தது. அது மண். ஷாஃப்டை அணைத்து நிற்கும் ரப்பர் வளையமான சீல் வழியாக நுழைந்து கிரீஸோடு கலந்து அரைத்திருக்கிறது. சீலைத் திருப்பிப் பார்த்தால், ஷாஃப்டைத் தொடும் உதட்டில் சாக்குத் தையல் நூல் நாலு சுற்று சுற்றியிருந்தது. வெட்டின புல்லோடு சேர்ந்து வந்த நூல், ஷாஃப்டில் சுற்றி, சீலை அறுத்து, மண்ணுக்கு வழி விட்டிருக்கிறது. சொட்டுநீர்க் குழாய்த் துண்டுகளும் இதே வேலையைச் செய்யும். அங்கே பேரிங்கை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் தை மாதம் திரும்பி வந்திருக்கும்.

மற்ற அடையாளங்கள்:

பாதையில் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால், உலோகம் களைத்துவிட்டது. நாலைந்து வருஷம் ஓடியிருந்தால் அது இயற்கைச் சாவு, கவலை வேண்டாம். ஒரே சீசனில் இப்படியானால் சுமை அதிகம். பெரும்பாலும் பிளேடு எடை சமமில்லை அல்லது பெல்ட் மிக இறுக்கம்.

குண்டுகளின் இடைவெளி அளவிலேயே வரிசையாகப் பள்ளங்கள் இருந்தால், மாட்டும்போது சுத்தியால் தவறான வளையத்தில் அடித்திருக்கிறார்கள். கல்லில் மோதினாலும் இப்படி வரும். கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் கிடக்கும் நிலத்தில் ஓடும் மெஷின்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

நீலமாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருந்தால் சூடு. கிரீஸ் வற்றியிருக்கும், இல்லையென்றால் அளவுக்கு மீறித் திணித்திருப்பார்கள்.

பாதையில் பொட்டுப் பொட்டாக உருகிய குழிகள் இருந்தால் மின்சாரம் ஓடியிருக்கிறது. இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பிளேடுத் தட்டில் ஒரு விரிசலை வெல்டிங் செய்தேன். எர்த் கிளாம்பை வசதிக்காக மெஷின் சட்டத்தில் மாட்டினேன். கரண்ட் தட்டிலிருந்து ஷாஃப்ட், ஷாஃப்டிலிருந்து பேரிங் வழியாகச் சட்டத்துக்குப் போயிருக்கிறது. புதுப் பேரிங், பத்தே நாளில் ஊளையிட ஆரம்பித்தது. வெல்டிங் செய்யும் துண்டிலேயே, பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எர்த் மாட்டுங்கள். தட்டைக் கழற்றி வைத்துச் செய்வது இன்னும் நல்லது.

கடைசியாக, இன்னரின் உள் துளையைப் பாருங்கள். அங்கே கண்ணாடி போல் மினுமினுத்தால் இன்னர் ஷாஃப்ட் மேல் வழுக்கிச் சுற்றியிருக்கிறது. அடுத்த படி அதற்குத்தான்.

5. ஷாஃப்டையும் ஹவுசிங்கையும் அளப்பது

உதாரணத்துக்கு 6306 பேரிங்கை எடுத்துக்கொள்வோம். துளை 30 மி.மீ., வெளி விட்டம் 72 மி.மீ., அகலம் 19 மி.மீ. இது உட்காரும் ஷாஃப்ட் 30.002 முதல் 30.015 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. அதாவது துளையைவிட ஒரு மயிரிழை தடிமன். ஹவுசிங் துளை 72.00 முதல் 72.03 மி.மீ. வரை. சுற்றுவது ஷாஃப்ட் என்பதால் இன்னர் இறுக்கமாகவும், அவுட்டர் கையால் தள்ளினால் நுழையும் அளவிலும் இருக்க வேண்டும்.

வெர்னியரை நம்பி இந்த முடிவை எடுக்காதீர்கள். 0.02 மி.மீ. காட்டும் வெர்னியரால் 0.01 மி.மீ. தேய்மானத்தைப் பிடிக்க முடியாது. லேத் பட்டறைக்கு எடுத்துப் போய் மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். தேய்மானம் ஒரு பக்கம் அதிகமாக இருக்கும்.

ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் இங்கே வழக்கமாகச் செய்யும் கை வைத்தியம், சென்டர் பஞ்சால் சுற்றிலும் புள்ளி குத்துவது. குத்தின இடம் கொஞ்சம் எழும்பி, பேரிங் இறுக்கமாக ஏறும். அப்போதைக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் பேரிங்கைத் தாங்குவது அந்தப் புள்ளிகளின் முனை மட்டும்தான். பிளேடு ஒரு கல்லைத் தட்டினால் முனைகள் நசுங்கும், மறுபடி வழுக்கும். நான் இதைச் செய்வதில்லை. கேட்டு வருபவர்களுக்கும் செய்து தருவதில்லை.

தேய்மானம் மிகக் குறைவு என்றால் பேரிங் ஒட்டும் திரவம் போதும். லாக்டைட் பெயரில் கிடைப்பது, மரைக்குப் போடும் வகை வேண்டாம், பேரிங்குக்கென்று இருப்பதைக் கேளுங்கள். இரண்டு பரப்பிலும் எண்ணெய் துளிகூட இல்லாமல் துடைத்துவிட்டுப் போட வேண்டும். விரலில் தட்டுப்படும் அளவு பள்ளம் என்றால் வெல்டிங்கில் நிரப்பி லேத்தில் கடைந்துவிடுங்கள். நிரப்பும்போது ஷாஃப்ட் வளையும், அதனால் கடைசிக் கடைசலை இரண்டு சென்டருக்கு நடுவில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஹவுசிங் துளை அகன்றிருந்தால் போரிங் செய்து (துளையைப் பெரிதாகக் கடைந்து) புஷ் என்னும் உள் வளையம் போடலாம். பேரிங்கைச் சுற்றித் தகரம் சுற்றுவது வேண்டாம், அது நடுவைத் தள்ளிவிடும்.

6. புதுப் பேரிங் வாங்குவது

பழைய பேரிங்கின் நம்பரை மட்டுமல்ல, பேரிங்கையே கையில் எடுத்துப் போங்கள். எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் துளை அளவு: 06 என்றால் 30 மி.மீ., 07 என்றால் 35. இது 04 முதல் மேலே பொருந்தும். முன்னால் இருக்கும் 62, 63 என்பது உடம்பின் பருமன். 6206, 6306 இரண்டுக்கும் துளை 30 மி.மீ.தான், ஆனால் 6206-இன் வெளி விட்டம் 62 மி.மீ. ஒன்றுக்குப் பதில் ஒன்று போட முடியாது.

பின்னால் வரும் எழுத்துகளைக் கடைக்காரரும் சில நேரம் கண்டுகொள்ள மாட்டார். 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. ஜெட்ஜெட் (ZZ) என்றால் தகர மூடி, மெல்லிய மண் அதில் நுழையும். புல்வெட்டிக்கு 2ஆர்எஸ்தான். சி3 என்றால் உள்ளே இடைவெளி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம், சூட்டில் விரிந்தாலும் இறுகாது. பழையதில் சி3 இருந்தால் புதியதிலும் கேளுங்கள். கையில் வைத்து ஆட்டி, "இது லூசா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

போலிப் பேரிங் நிறைய நடமாடுகிறது. நானே ஒரு கடையில் பாதி விலைக்கு வாங்கி ஏமாந்தேன். பெட்டி அசல் போலவே இருந்தது, பேரிங்கில் நம்பர் மட்டும் மை முத்திரை போல, விரலால் தேய்த்தால் மங்கியது. எஸ்கேஎஃப், என்பிசி, எஃப்ஏஜி எதுவானாலும் கம்பெனி விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள்.

ஆயில் சீலையும் அப்போதே வாங்கிவிடுங்கள். பழைய சீலை மறுபடி மாட்டுவது என்ற பேச்சே வேண்டாம்.

7. மாட்டுவது

தொடங்கும் முன் 8-ஆம் படியையும் படித்துவிடுங்கள், ரப்பர் மூடியும் சீலும் பற்றி மாட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டியது அங்கே இருக்கிறது. மாட்டுவதற்கு ஒரே ஒரு விதி. ஷாஃப்டில் ஏற்றும்போது இன்னரில் மட்டும் அழுத்தம். ஹவுசிங்கில் இறக்கும்போது அவுட்டரில் மட்டும். தப்பான வளையத்தில் அடித்தால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போகும். எஃகுப் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, இருபது மணி நேரம் ஓடிய பிறகு சத்தம் வரும்.

சுத்தியைவிட வெப்பம் நல்லது. 30 மி.மீ. துளை 80 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறத்தாழ 0.03 மி.மீ. விரியும், நமக்குத் தேவையான இடைவெளி அவ்வளவுதான். மூடி இல்லாத பேரிங் என்றால் சுத்தமான எண்ணெயில் போட்டுச் சூடாக்கலாம், பாத்திரத்தின் அடியில் படாமல் கம்பியில் தொங்கவிடுங்கள். 2ஆர்எஸ்ஸை எண்ணெயில் போடக் கூடாது, உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். அதை எரியும் 100 வாட் குண்டு பல்பின் மேல் அரை மணி நேரம் வைத்தால் போதும். கேஸ் வெல்டிங் நெருப்பை நேராகக் காட்டவே கூடாது. 120 டிகிரிக்கு மேல் போனால் எஃகின் கெட்டித்தன்மை குறையும்.

இதோடு ஷாஃப்டை முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைத்தால் வேலை இன்னும் சுலபம். பாலிதீன் பையில் நன்றாகச் சுற்றி வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை மீன் பக்கத்தில் டீசல் வாசனையோடு வைத்துவிட்டு, அதன் பிறகு ஒரு மாதம் ஃப்ரீசர் பக்கம் போகவே எனக்கு அனுமதி இல்லை.

வரிசை இப்படி. ஷாஃப்டில் முதலில் கீழ் சீலையும் தூசி மூடியையும் போடுங்கள். பேரிங்கை ஏற்றிவிட்டு, அப்புறம் தரையில் கிடக்கும் சீலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத மெக்கானிக் கிடையாது. அடுத்து கீழ்ப் பேரிங், ஷாஃப்டின் தோள் வரை, அதாவது ஷாஃப்ட் தடிக்கும் படி வரை. உட்கார்ந்ததும் ஆறும் வரை குழாயால் அழுத்திப் பிடியுங்கள். ஆறும்போது அது தோளிலிருந்து நகரப் பார்க்கும்.

பேரிங்கோடு ஷாஃப்டை ஹவுசிங்குக்குள் இறக்கி, சர்க்ளிப் போடுங்கள். மேலிருந்து ஸ்பேசர். பிறகு மேல் பேரிங். இது ஒரே நேரத்தில் ஷாஃப்டிலும் ஏற வேண்டும், ஹவுசிங்கிலும் இறங்க வேண்டும். அதனால் இங்கே மட்டும் இரண்டு வளையத்திலும் ஒன்றாகப் படியும் தட்டையான தகடு வைத்து அழுத்துங்கள்.

இனி ஸ்பேசர் விஷயம். மேலே புல்லி நட்டை இறுக்கும்போது அந்த அழுத்தம் மேல் இன்னர், ஸ்பேசர், கீழ் இன்னர் என்று நேராகத் தோள் வரை போக வேண்டும். ஸ்பேசர் இல்லையென்றாலோ குட்டையாகத் தேய்ந்திருந்தாலோ, இரண்டு இன்னரும் ஒன்றை நோக்கி ஒன்று இழுபடும். அவுட்டர்கள் ஹவுசிங் தோளில் முட்டி நிற்கும். குண்டுகள் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கும். ஸ்பேசர், ஹவுசிங் தோள்களின் இடைவெளியைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்கலாம், குட்டையாக இருக்கவே கூடாது.

சோதனை சுலபம். நட்டைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு ஷாஃப்டைச் சுற்றிப் பாருங்கள். பிறகு முழுதாக இறுக்கிச் சுற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இறுக்கியதும் கனத்தால், நட்டைத் தளர்த்தி ஒப்பேற்றாதீர்கள். பிரித்து, புது ஸ்பேசர் கடைந்து போடுங்கள்.

8. சீலும் கிரீஸும்

சீலின் உதடு எந்தப் பக்கம்? எண்ணெய் இருக்கும் கியர் பாக்ஸ் என்றால் ஸ்பிரிங் உள்ள உதடு உள்ளே பார்க்க வேண்டும், எண்ணெயைப் பிடிக்க. கிரீஸ் போடும் பிளேடு ஹவுசிங்கின் கீழ் சீல் மட்டும் வெளியே பார்க்க வேண்டும். அங்கே எதிரி மண். உதடு வெளியே இருந்தால் பழைய கிரீஸ் பிதுங்கி வரும், மண் உள்ளே போகாது. உதட்டில் கிரீஸ் தடவாமல் மாட்டினால் முதல் ஐந்து நிமிடத்திலேயே கருகும்.

ஹவுசிங்கில் கிரீஸ் நிப்பிள் இருந்து, நீங்கள் 2ஆர்எஸ் போட்டிருந்தால் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பக்கமும் மூடியிருப்பதால் நீங்கள் அடிக்கும் கிரீஸ் பேரிங்குக்குள் போகவே போகாது. ஒவ்வொரு பேரிங்கிலும் ஹவுசிங்கின் உள்பக்கம் பார்க்கும் ரப்பர் மூடியை மட்டும், மாட்டும் முன்பே எடுத்துவிடுங்கள். வெளிப்பக்க மூடி இருக்கட்டும்.

கிரீஸ் லித்தியம் வகை, ஈபி2 நல்லது. கடையில் ஏபி3 கொடுத்தாலும் ஓடும். பழையது எந்த வகை என்று தெரியாவிட்டால் முழுக்கத் துடைத்துவிட்டுப் போடுங்கள், இரண்டு வகை கலந்தால் சில நேரம் தண்ணீராக இளகி ஓடிவிடும். ஹவுசிங்கின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். முழுக்கத் திணித்தால் குண்டுகள் கிரீஸைக் கடைந்துகொண்டே இருக்கும், அந்தக் கடைசலே சூடாகும்.

வேலை முடிந்ததும் வாட்டர் சர்வீஸில் விட்டு, சீல் மேல் பிரஷர் தண்ணீர் அடிப்பதை நிறுத்துங்கள். கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் வாளித் தண்ணீர்.

ஏற்காடு எஸ்டேட்டுகளில் சரிவில் டிராக்டர் ஏறாது, தோளில் மாட்டும் பிரஷ் கட்டர்தான். அதன் தலையில் இருக்கும் சின்ன பேரிங்குகளுக்கும் இதே விதிகள்தான். சாகும் காரணம் மட்டும் பெரும்பாலும் ஒன்றே, தலையில் கிரீஸ் போடும் திருகை யாரும் திறந்ததே இல்லை.

9. கியர் பாக்ஸ் ஷாஃப்டே பிளேடைத் தாங்கும் மெஷின்கள்

ஸ்லாஷர் என்று சொல்லும் ஒற்றைத் தட்டு மெஷின்களில் பெல்ட் கிடையாது. கியர் பாக்ஸின் கீழ் ஷாஃப்டே பிளேடைச் சுற்றும். உள்ளே இருப்பது குண்டு அல்ல, டேப்பர் ரோலர், அதாவது ஒரு முனை சிறுத்த உருளைகள். இதற்கு இறுக்கம் வைப்பதுதான் வேலையே.

ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே, பின் நுழைய மேலே வெட்டு விட்ட காசில் நட்டை இறுக்குங்கள். சுற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் கோணலாக நிற்கும், அளவு பொய் சொல்லும். கனக்க ஆரம்பித்ததும் நிறுத்தி, மெதுவாகத் தளர்த்தி, ஷாஃப்ட் தடையில்லாமல் சுற்றி, மேலும் கீழும் இழுத்தால் ஆட்டம் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். ஸ்பிளிட் பின் புதியதாகப் போடுங்கள்.

கப் (வெளி வளையம்), கோன் (ரோலர்களோடு வரும் உள் வளையம்) இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகள் எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதி வையுங்கள், அவை கியர் பற்களின் கடியைத் தீர்மானிப்பவை. மறுபடி மாட்டியதும் 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றுங்கள்.

10. பிளேடு, அப்புறம் ஓட்டிப் பார்த்தல்

பிளேடுகளை மாட்டும் முன் எடை போடுங்கள். கொலுசுப் பட்டறைத் தராசு தேவையில்லை, காய்கறிக் கடைத் தராசு போதும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் ஷாஃப்டில், நடுவிலிருந்து 25 செ.மீ. தள்ளி ஒரு பக்கம் மட்டும் 50 கிராம் கூடுதலாக இருந்தால், அது சுமார் 31 கிலோ எடையோடு பேரிங்கை ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும். ஒரு பிளேடு மட்டும் உடைந்தால் ஜோடியாக மாற்றச் சொல்வது கடைக்காரர் லாபத்துக்கு இல்லை. தேய்ந்த பழையதோடு புதியதைச் சேர்த்தால் இந்த 50 கிராம் வித்தியாசம் சர்வ சாதாரணமாக வந்துவிடும்.

பெல்ட்டை அளவோடு இறுக்குங்கள். இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் பெல்ட்டின் கனம் அளவுக்கு அமுங்கினால் சரி. வீணைத் தந்தி போல் இறுக்கினால் மேல் பேரிங் முதலில் போகும்.

முதல் ஓட்டம் புல் இல்லாத இடத்தில், குறைந்த வேகத்தில், பத்து நிமிடம். பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. பிறகு பிடிஓவை நிறுத்தி, பிளேடு முழுதாக நின்று, சாவியை எடுத்த பிறகு ஹவுசிங்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் கிரீஸ் அதிகம் அல்லது ஸ்பேசர் தவறு. கிரீஸ் அதிகம் என்றால் அரை மணி ஓட்டத்தில் பிதுங்கி வெளியே வந்து சூடு தணியும். தணியாவிட்டால் தோப்புக்குக் கொண்டுபோகாமல் பிரித்துவிடுங்கள்.

முதல் நாள் வேலை முடிந்ததும் எல்லா நட்டையும் ஒரு சுற்று சரிபாருங்கள், வார்ப்பும் தகடும் படிந்து நட்டுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அப்படியே குனிந்து கீழ் சீலைப் பாருங்கள். நூலோ நாரோ சுற்றியிருந்தால் அப்போதே கத்தியால் அறுத்து எடுத்துவிடுங்கள். என் கொட்டகையில் அதற்கென்றே ஒரு பழைய கருக்கரிவாள் மெஷின் பக்கத்தில் தொங்குகிறது.